ஆயிரம் கஜத்தில் காற்று

ஆயிரம் கஜம் என்றால் 914 மீட்டர். அந்தத் தூரத்தில் புல்ஸ் ஐ என்கிற நடுவட்டம் இரண்டடி அகலம். குப்புறப் படுத்து, தொலைநோக்கி எதுவும் பொருத்தாத ரைஃபிளால் அதை அடிக்க வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் பிடித்துக்கொண்ட விளையாட்டு இது. “அம்மா, நெஜமாவா?” என்றான் மகன். நிஜமாகத்தான்.

இங்கிலாந்தில் மருத்துவமனை ஃபார்மசியில்தான் என் காலம் போனது. வீடு சர்ரே பக்கம். பிஸ்லி சுடுதளம் 1890-லிருந்து அங்கேயே இருக்கிறது. அந்தப் பக்கம் போய்வந்த இத்தனை வருஷத்தில் நான் உள்ளே நுழைந்ததில்லை. கூட வேலை பார்த்த ஒருவர் விருந்தாளியாகக் கூட்டிப்போனார், அப்படித்தான் ஆரம்பம். ஆசைப்பட்டதும் துப்பாக்கி கைக்கு வந்துவிடாது. கிளப்பில் சில மாதம் பயிற்சி உறுப்பினராக இருக்க வேண்டும். அப்புறம் போலீசுக்கு விண்ணப்பம், நம்மைத் தெரிந்த இரண்டு பேரின் உத்தரவாதம், டாக்டர் தரும் மருத்துவ விவரம். பூட்டிவைக்கும் இரும்பு அலமாரியைப் பார்க்க வீட்டுக்கே வருவார்கள். இந்தக் கெடுபிடி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயுதம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எல்லோரும் முதலில் கேட்பது, “இந்த வயசுல கண்ணு தெரியுமா?” என்றுதான். ரைஃபிளின் பின்பக்கத்தில் குறிபார்க்க ஒரு சின்னத் துளை, குழலின் முனையில் ஒரு வளையம். துளை சிறியதாக இருப்பதால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஓரளவு சேர்ந்தே தெரியும். முன்வளையம் தெளிவாக இருந்தால் போதும். இலக்கு கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. துளையிலேயே பவர் லென்ஸ் போட்டுக்கொள்ளவும் வழி உண்டு.

கண்ணைவிடப் பெரிய விஷயம் இதயம். இடது கையைச் சுற்றி இறுக்கிய தோல்வார்தான் ரைஃபிளைத் தாங்குகிறது. அந்த வாரிலேயே நாடி துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்வளையம் கறுப்பு வட்டத்தின்மேல் ஒரு துளி எம்பி இறங்கும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, இரண்டு துடிப்புக்கு நடுவில் விசையை அழுத்த வேண்டும். என் பழைய தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். பைசோப்ரோலால், அட்டெனொலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும். அதனால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகள் துப்பாக்கி சுடுதலில் அவற்றைப் போட்டி நாளில் மட்டுமல்ல, எப்போதுமே தடை செய்திருக்கின்றன. நம் வயதில் பலர் அவற்றைச் சாப்பிடுகிறோம். விளையாட்டுக்காக யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பெரிய போட்டிக்குப் பெயர் கொடுக்குமுன் டாக்டரிடமும் அமைப்பாளர்களிடமும் பேசுங்கள்.

ஆனால் என்னை இங்கே கட்டிப்போட்டிருப்பது காற்று. 7.62 மில்லிமீட்டர் குண்டு ஆயிரம் கஜம் போக ஏறக்குறைய ஒன்றரை வினாடி. பக்கவாட்டில் மணிக்குப் பத்து மைல் காற்று அடித்தால் அதற்குள் அதைச் சுமார் ஏழடி தள்ளிவிடும். காற்றின் வேகத்தை இரண்டு மைல் தப்பாகக் கணித்தாலே குண்டு புல்ஸ் ஐக்கு வெளியே. மைதானம் நெடுக சிவப்பு மஞ்சள் கொடிகள் பறக்கும். கிட்டத்துக் கொடி நிமிர்ந்து நிற்கும்போதே தூரத்துக் கொடி துவண்டு தொங்கும். எதை நம்புவது? வெயில் நாளில் இன்னொரு சாட்சி உண்டு, கானல். தரையில் ஊன்றிய தொலைநோக்கியை இலக்குக்குச் சற்று முன்னால் குவித்தால், கானல் ஓடை மாதிரி இடமிருந்து வலம் ஓடும். சட்டென்று ஓட்டம் நின்று நேராக மேலே கொதிக்க ஆரம்பித்தால், பக்கக் காற்று செத்துவிட்டது, திசை மாறப்போகிறது என்று அர்த்தம். ஒரு ஷாட்டுக்கு 45 வினாடிதான். அதற்குள் பார்த்து, காற்றுக்கேற்பக் குறியை நகர்த்தும் குமிழைத் திருகி, சுட வேண்டும். சுட்டதும் இலக்குப் பலகை கீழே இறங்கும். அதன் அடியில் பள்ளத்தில் இருப்பவர் ஓட்டையில் வட்டத்தகடு செருகி மறுபடி ஏற்றுவார். என் கணிப்பு சரியா என்று அந்தத் தகடு சொல்லிவிடும்.

இதற்குப் பொறுமையும் ஞாபகமும்தான் வேண்டும். என் பக்கத்துப் பாயில் எழுபதைத் தாண்டிய ஒருவர் படுப்பார். கொடி திரும்புமுன்னே குமிழைத் திருகிவிடுவார். தரையில் படுக்க முடிகிறவரை அவருக்கு இந்த முறை. கைவலிமை குறைந்தவர்களுக்கு எஃப் கிளாஸ் இருக்கிறது. கனடாவின் ஜார்ஜ் ஃபார்குஹர்சன் தொடங்கியது. அதில் தாங்கியும் உண்டு, தொலைநோக்கியும் பொருத்தலாம்.

பெண்களுக்கு இது சரிப்படுமா என்று கேட்கிறவர்களிடம் நான் மார்ஜரி ஃபாஸ்டர் பெயரைச் சொல்வேன். கோழிப்பண்ணை நடத்தியவர். 1930-ல் பிஸ்லியில் ராஜா பரிசை வென்ற முதல் பெண். அந்தப் போட்டி இன்றும் ஜூலையில் நடக்கிறது. முதல் சுற்றிலிருந்து 300 பேர், அதிலிருந்து 100 பேர், கடைசிச் சுற்று 900, 1000 கஜத்தில். அந்த நூறு பேரில் ஒருத்தியாக ஒருமுறையாவது படுக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை சனிக்கிழமைகளில் பிஸ்லியின் நெடுந்தூரத் தளமான ஸ்டிக்கிள்டவுனில்தான் இருப்பேன். சர்ரே பக்கம் இருக்கிற அக்கா தங்கச்சிகள் யாருக்காவது ஆர்வம் இருந்தால் எழுதுங்கள். விருந்தாளியாக உள்ளே கூட்டிப்போகிறேன். காதடைப்பான் என்னிடம் இன்னொரு ஜோடி இருக்கிறது.