மண்ணுக்குள் கிடந்த ஜாடியும் ஒரு மூன்றாவது எழுத்தும்

மரக்கன்று வைக்கலாம் என்று வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். இரண்டடி ஆழம் போனதும் மண்வெட்டி ‘ணங்’கென்று எதிலோ பட்டது. கல்லில் பட்டால் அப்படிச் சத்தம் வராது. மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணைத் தள்ளி எடுத்தேன். பழுப்பு நிறத்தில் ஒரு ஜாடி. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம், நேரான உருளை உடம்பு, திடீரென்று ஒடுங்கும் தோள், குட்டைக் கழுத்து. வாயில் கறுத்துச் சுருங்கிய தக்கைத் துண்டு ஒன்று சிக்கியிருந்தது.

வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சாராய ஜாடி என்றார் சித்தப்பா. எண்ணெய் வைத்திருப்பார்கள் என்றார் அம்மா. இது என்ன, எங்கே செய்தது, எப்போது செய்தது என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிய எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. இதேபோல் ஒன்று கையில் கிடைத்து விழித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறு. ஜாடியை எடுத்த உற்சாகத்தில் தக்கையைக் கிளறி எடுத்துவிட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினேன். கறுப்பாக வந்தது. மண்ணும் அழுகிய வேரும் கலந்த சேறு என்று நினைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை நான்கைந்து முறை கழுவினேன். துடைத்த துணியில் பட்ட கறை சோப்புக்கும் போகவில்லை. அதையும் நான் யோசிக்கவில்லை. புதையுண்ட பாத்திரம் எதுவானாலும் உள்ளே இருப்பதைத் தொடாமல் வையுங்கள். வெளியே ஒட்டிய மண்ணை மிருதுவான பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் கொண்டு எடுத்தால் போதும். ஆசிட், பிளீச், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். கழுவிய பிறகு நிழலில் மெதுவாக உலர விட வேண்டும். மண்ணிலிருந்து உப்பு ஊறியிருந்தால் உலரும்போது மேலே வெள்ளையாகப் பூக்கும். அப்படிப் பூத்தால் சுத்திகரித்த நீரில் பல நாள் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். என் ஜாடியில் அது வரவில்லை. வராததற்கும் காரணம் இருந்தது.

இது எந்த வகை மண்பாண்டம் என்பதுதான் முதல் கேள்வி. சாதாரண மண்பானை ஏறக்குறைய ஆயிரம் டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழேயோ வெந்தது. நுண்துளை இருப்பதால் தண்ணீரை உறிஞ்சும். ஸ்டோன்வேர் என்பது 1200 டிகிரிக்கு மேலே சுட்டது. அந்தச் சூட்டில் களிமண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடிபோல் இறுகிவிடும். என் ஜாடியின் அடிவிளிம்பில் ஒரு சிறு சில்லு பெயர்ந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். முத்துபோல் அப்படியே நின்றது. இரும்பு ஆணியால் லேசாகக் கீறினேன், ஆணியின் சாம்பல் கோடுதான் விழுந்ததே தவிர கீறல் இல்லை. சுண்டினால் மணிபோல் ஒலித்தது. ஸ்டோன்வேர்தான். உப்பு பூக்காததற்கும் இதுவே காரணம், உள்ளே ஊற வழியில்லை.

அடுத்து மேற்பரப்பு. வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது ஆரஞ்சுப் பழத்தோல்போல் பொடிப்பொடிக் குழிகள் தெரிந்தன. இது சால்ட் கிளேஸின் அடையாளம். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உப்பை அள்ளி உள்ளே எறிவார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து பாத்திரத்தின் மேலேயே ஒரு கண்ணாடிப் படலமாகிவிடும். ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியில் தொடங்கி, பிறகு இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பரவிய முறை இது. பூசி எடுத்ததல்ல, தீயில் விளைந்தது. அதனால்தான் என் ஜாடியின் ஒரு பக்கம் தேன் நிறம், மறுபக்கம் கரும்பழுப்பு. ஆவி எந்தப் பக்கம் அதிகம் பட்டதோ அது. இதைத் தெரிந்துகொண்ட நாளில் நான் அந்த ஜாடியைக் கீழே வைக்கவே இல்லை.

அடிப்பாகத்தையும் பார்க்கச் சொல்வேன். சக்கரத்திலிருந்து கம்பியால் அறுத்தெடுத்திருந்தால் வளைவு வளைவாகக் கோடுகள் இருக்கும். அச்சில் வார்த்திருந்தால் உடம்பில் நெடுக ஒரு இணைப்புக்கோடு தெரியும். என்னுடையதில் இணைப்புக்கோடு இல்லை. கழுத்துக்குள் சுண்டுவிரலை விட்டால் வனைந்தவர் விரல் ஏறிய வரிகள் தட்டுப்பட்டன.

இவ்வளவு தெரிந்தும் ஊர் பேர் தெரியவில்லை. இணையத்தில் படத்தைப் போட்டுத் தேடினால் சாராயப் புட்டி, மருந்துப் புட்டி, பாதரசக் குடுவை என்று எல்லாமே வந்தது. பழுப்பு உருளைகள் எல்லாம் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வழி திறந்தது தற்செயலாக. இருட்டில் ஜாடியைத் தூக்கி இடம் மாற்றும்போது, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஏதோ நெருடியது. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. பகல் வெளிச்சம் நேராக விழும்போது மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஜாடியின் உடம்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தேன். நிழல் விழுந்து எழுத்துகள் எழுந்தன. ஈர மண்ணில் முத்திரை வைத்து அழுத்தியவை, மேலே கிளேஸ் வழிந்து பாதி மூடியவை. மெல்லிய தாளைச் சுற்றிப் பென்சிலால் தேய்த்து எடுத்தும் பார்த்தேன். டால்கம் பவுடரைத் தடவித் துடைத்ததும் குழிகளில் வெள்ளை தங்கியது. அதுதான் எல்லாவற்றையும்விடத் தெளிவாக இருந்தது.

ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து படிக்க முடிந்தது: டி, ஈ, ஆர், பி, வை. டெர்பி. இங்கிலாந்தில் டெர்பி பீங்கானுக்குப் பேர்போன ஊர். நான் அதையே பிடித்துக்கொண்டு ஒரு வாரம் டெர்பி பீங்கான் முத்திரைகளை எல்லாம் அலசினேன். கிரீடம் போட்ட மெல்லிய கோப்பைகள், பூ வரைந்த தட்டுகள். என் முரட்டு ஜாடிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிறகு ஒரு அருங்காட்சியகத்தின் மண்பாண்டப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அளவுகோல் வைத்து நான்கு படம்: முழு உருவம், அடிப்பாகம், வாய், முத்திரை. வந்த பதிலில் விடை இல்லை. முத்திரையில் எத்தனை வரி இருக்கிறது, எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் கேட்டிருந்தார்கள். மறுபடி பவுடர், மறுபடி டார்ச். டெர்பி என்று நான் படித்தது கடைசி வரி. அதற்கு மேல்வரியிலும் ஏறக்குறைய அதே சொல் இருந்தது, மூன்றாவது எழுத்து மட்டும் ஆர் இல்லை, என். டென்பி. இரண்டையும் ஒரே சொல்லின் இரட்டை அச்சு என்று நினைத்துத் தள்ளியிருக்கிறேன். ‘டென்பி பாட்டரி, நியர் டெர்பி’ என்பதுதான் அந்த இரண்டு வரி, அதாவது டெர்பிக்கு அருகிலுள்ள டென்பி மண்பாண்டக் கூடம். அந்த ஒரு எழுத்து கிடைத்ததும் மற்ற வரிகளை அரைமணி நேரத்தில் கூட்டிவிட்டேன்: ‘விட்ரியஸ் ஸ்டோன் பாட்டில்ஸ், ஜே. போர்ன் அண்ட் சன், பேட்டன்டீஸ்’. கண்ணாடிபோல் இறுகிய கல் பாட்டில்கள், காப்புரிமை பெற்றவர்கள் ஜே. போர்னும் மகனும் என்று பொருள். ஜாடி ஜாடி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பாட்டில் என்று அதன் உடம்பிலேயே எழுதியிருந்தது.

டென்பியின் கதையும் மண் தோண்டிய கதைதான். 1806-இல் அந்தப் பக்கம் சாலை போடும்போது நல்ல களிமண் தட்டுப்பட, 1809-இல் போர்ன் குடும்பம் அங்கே பாட்டரி தொடங்கியது. காலம் குறிக்க முத்திரையே உதவுகிறது. 1833 முதல் 1861 வரை அவர்களிடம் காட்னர் பார்க் என்ற இன்னொரு பாட்டரியும் இருந்தது, அந்தக் காலத்து முத்திரைகளில் அந்தப் பெயரும் சேர்ந்து வருவதுண்டு. என்னுடையதில் இல்லை. 1916-இல் நிறுவனம் லிமிடெட் ஆனது, அந்தச் சொல்லும் இல்லை. பழைய முத்திரைக்கட்டையைப் பிறகும் பயன்படுத்தியிருக்கலாம் என்பதால் ஆண்டைக் கறாராகச் சொல்ல மாட்டேன். 1861-க்குப் பிறகு, 1916-க்கு முன் என்பது என் கணிப்பு.

சரி, எதற்கான பாட்டில்? வாயின் ஒரு பக்கம் உள்வாங்கி நசுங்கியிருந்ததைச் சூளையில் ஆன பழுது என்றே நினைத்திருந்தேன். அது மூக்கு. ஈர மண்ணாக இருக்கும்போதே விரலால் கிள்ளி வைத்த ஊற்றுவாய். கழுத்துவரை நீர் நிரப்பி அளந்தேன், 1.1 லிட்டரைத் தாண்டியது, ஒரு பிரிட்டிஷ் குவார்ட்டுக்குச் சரி. முத்திரைக்குப் பக்கத்தில் தேய்ந்துகிடந்த இன்னொரு வரியில் ‘ஆர்னால்ட், லண்டன்’ மட்டும் கிடைத்தது. பி அண்ட் ஜே ஆர்னால்ட் லண்டனில் மை தயாரித்தவர்கள். பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மொத்தமாக மை போன பாட்டில் இது. மேசையிலுள்ள சின்ன மைக்கூடுகளில் சிந்தாமல் ஊற்றத்தான் அந்த மூக்கு. கடுக்காய்போல் துவர்ப்புள்ள மாசிக்காய்ச் சத்தும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த அந்தக் காலத்து மை புளிப்பானது, உலோகத்தை அரித்துவிடும். கல்போல் வெந்த இந்தப் புட்டியை ஒன்றும் செய்யாது.

அப்போதுதான் அந்தத் துணி நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் கந்தல் மூட்டையிலிருந்து எடுத்தேன். கறை இன்னும் நீலமும் கறுப்புமாக அப்படியே இருந்தது. நான் சேறு என்று கழுவிக் கொட்டியது காய்ந்த மை.

தக்கையையாவது தூக்கிப் போடாமல் இருந்தேன். அதன் அடிப்பக்கத்தில் நகம் கனத்துக்கு ஒரு கறுப்புப் படிவு ஒட்டியிருக்கிறது. அதைத் தண்ணீர் படாமல் ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.