கருக்காவும் மிராசும்: மண் தட்டு பழக்கிய எழுபது நாள்

வடுவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் குறுவை அறுத்து, வைக்கோல் கட்டும் மெஷின் வயலில் இறங்கிய அன்று கிடைத்தது இந்தப் பூனைக்குட்டி. வரப்போரம் கிடந்த வைக்கோலுக்கு அடியில் மூன்று இருந்தனவாம். தாய் இரண்டைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. மூன்றாவதைத் தூக்க வரவேயில்லை. இருட்டும்வரை பார்த்துவிட்டு இவர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மளிகைக் கடைத் தராசில் 580 கிராம். பல்லைப் பார்த்த கால்நடை டாக்டர், ஆறு வாரம் இருக்கும், பெட்டை என்றார். அத்தை கையில் வாங்கி, "என்னம்மா இது, கருக்கா நெல்லாட்டம் கனமே இல்ல" என்றார். பெயர் வைக்கும் வேலை அதோடு முடிந்தது.

எங்கள் வீட்டில் பூனை புதிதில்லை. கொல்லையில் பிறக்கும், கொல்லையிலேயே வளரும், எலி பிடிக்கும், ஒரு நாள் காணாமல் போகும். வீட்டுக்குள் வைத்து, மண் போட்ட ஒரு தட்டில் மட்டும் ஆயும் மூத்திரமும் போகப் பழக்குவதுதான் புதிது. பாப்பாவின் பழைய ரஃப் நோட்டில் குறித்து வைத்ததைச் சரிசெய்து எழுதுகிறேன்.

நாள் 1

தட்டுக்காகத் தேடியபோது, நடவு மெஷினுக்கு நாற்று விடும் பிளாஸ்டிக் ட்ரே கண்ணில் பட்டது. இரண்டடி நீளம், ஓர் அங்குல விளிம்பு. குட்டி கால் வைத்து ஏற அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அடியெல்லாம் ஓட்டை என்பது தரை ஈரமான பிறகுதான் உறைத்தது. தார்ப்பாய்த் துண்டை வெட்டி விரித்தேன்.

மணலுக்குப் பஞ்சமில்லை. திண்ணை ரிப்பேருக்கு இறக்கிய ஆற்று மணல் வாசலில் குவியலாக மிச்சம் கிடந்தது. ஒரு வாளி அள்ளிக் கொட்டினேன். சாப்பிட்டு முடித்ததும் குட்டியைத் தூக்கி உள்ளே விட்டேன். முகர்ந்து பார்த்தது, முன்காலால் பறித்தது, உட்கார்ந்தது, மூடியது. நாலாவது வாரத்திலிருந்தே மண்ணைப் பறிக்கும் புத்தி குட்டிகளுக்குத் தானாக வரும். நாம் காட்ட வேண்டியது இடத்தை மட்டும்தான். இவ்வளவுதானா என்று இருந்தது. கொல்லைத் தாழ்வாரத்தில் தட்டை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

நாள் 4

நிம்மதி மூன்று நாள்தான். நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்துக்கு அடியில் தண்ணியாகப் போய் வைத்திருந்தது. விசாரித்தால், அத்தை காலையும் மாலையும் பசும்பால் ஊற்றியிருக்கிறார். பூனைக்குப் பால் ஆகும் என்றுதான் நாமெல்லாம் வளர்ந்திருக்கிறோம். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலிலுள்ள சர்க்கரை சரியாகச் செரிக்காது, வயிறு கழியும். வயிறு கழிகிற குட்டிக்குத் தட்டுவரை ஓட நேரம் கிடைக்காது. அதைத் திட்டி என்ன செய்வது?

பாலை நிறுத்தினால் வேறென்ன கொடுப்பது? புரட்டாசி மாதம், வீட்டில் கவுச்சி கிடையாது, முட்டைகூட ஏறாது. மன்னார்குடியிலிருந்து குட்டிப் பூனைத் தீனி பாக்கெட் வாங்கிவந்து கொல்லையில் வைத்துப் பிரித்தேன். தெரு முழுக்கச் சாம்பார் மணக்கிற மாதத்தில் எங்கள் கொல்லையில் மட்டும் மீன் வாடை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

நாள் 6

பத்தாயத்தடியில் அதே மூலையில் மூன்றாம் தடவை. நான் துடைத்துவிட்டுப் போனதும் அத்தை மேலே பினாயில் ஊற்றியிருக்கிறார். சில பினாயிலில் இருக்கும் பீனால் வகைச் சரக்கை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. அது பாதத்தில் ஒட்டி, பாதத்தை நக்கி, உள்ளே போய்விடும். இதைச் சொன்னதும் அத்தை பதறிப்போய்க் குட்டியின் நாலு காலையும் அவரே கழுவிவிட்டார். இப்போது சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை துடைத்து, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து இன்னொரு தடவை துடைக்கிறோம். வாடை போனால்தான் அந்த இடம் அதற்கு மறக்கும். அந்த மூலையில் இப்போது தீனிக் கிண்ணம். சாப்பிடுகிற இடத்தில் பூனை போகாது.

நாள் 9

மணல் கனம், தினமும் அள்ள முடியவில்லை என்று செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். ஒரே நாளில் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை திண்ணையில் மாமா படித்துவிட்டு மடித்து வைத்திருந்த பேப்பரிலும் போய்விட்டது. செய்தித்தாள் யோசனை அதோடு சரி.

நாள் 10 முதல் 16 வரை

மழை பிடித்துக்கொண்டது. வாசல் மணல் ஊறிப்போனதால் வேறு சரக்கு தேட வேண்டியதாயிற்று. ரைஸ் மில்லில் உமி சும்மாவே கிடைத்தது. பறிக்கச் சுகமாக இருந்திருக்கும் போல, உமிக்குள் நீச்சலே அடித்தது. ஆனால் உமி ஈரம் உறிஞ்சாது. அத்தனை மூத்திரமும் அடியில் குளமாக நின்றது. வீடு முழுக்க உமி, சாம்பார்க் கரண்டியில்கூட ஒன்று.

அடுத்தது உமிச் சாம்பல். வாடை சுத்தமாக அடங்கியது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நாத்தனார் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்த அன்று, கூடத்திலிருந்து அவள் கட்டில்வரை கறுப்புப் பாதம். கோகுலாஷ்டமி மறுபடி வந்துவிட்டதா என்று இவர் கேட்டார். குட்டி மூன்று தடவை தும்மியது. அந்தத் தூசு மூச்சுக்கு ஆகாது என்று அன்றே நிறுத்திவிட்டேன்.

தண்ணீர் பட்டால் கட்டியாகும் கடைமண்ணைப் பலரும் சொன்னார்கள். குட்டி இன்னும் எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயது, அது வயிற்றுக்குள் போய்க் கட்டினால் ஆபத்து. நாலு மாதம் ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் நின்றது தேங்காய் நார்த் தூள். பேராவூரணியிலிருந்து உறவுக்காரர் ஒருவர் செங்கல்லாட்டம் அழுத்திய கட்டி கொண்டுவந்து கொடுத்தார். செடிக்கு என்றால் தண்ணீரில் ஊறவைப்போம். இதற்கு உலர்ந்தபடியே கத்தியால் சுரண்டி உதிர்க்க வேண்டும். அடியில் இரண்டு விரற்கடைத் தூள், மேலே மெல்லிசாக மணல். தூள் உறிஞ்சியது, மணல் அமுக்கிப் பிடித்ததால் தூசு பறக்கவில்லை. அந்த மணலும் வாசல் குவியலில், மேல் ஈரத்தைத் தள்ளிவிட்டு அள்ளியதுதான்.

அள்ளுகிற வேலையை இவர் ஏற்றுக்கொண்டார். பூனை மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி வெளியே வந்தவுடன் தொற்றாது, பக்குவப்பட ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். தினம் அள்ளிவிட்டால் அதற்கு நேரம் கிடைக்காது. ஆனாலும் வயிற்றுப் பிள்ளைக்காரி தட்டுப் பக்கமே போகக் கூடாது என்று நாத்தனாரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

நாள் 17

மிராசு வந்தது. பானைத் தலை, உப்பிய கன்னம், கிழிந்த இடது காது, சாம்பலில் கறுப்பு வரி ஓடிய கடுவன். தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழையும், எதற்கும் நகராது. அதனால் மாமா வைத்த பெயர். எங்களுடையது முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. முற்றத்துக்கு மேலே அடித்த கம்பி குரங்குக்கும் திருடனுக்கும் சரி, பூனைக்கு அது வாசற்படி. ராத்திரி இரண்டு மணிக்கு ஓட்டிலிருந்து இறங்கி, கருக்காவின் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, பத்தாயத்தடியில் ஒண்டியிருந்த குட்டியைப் பார்த்து ஓர் ஓலம் விட்டது. பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள்.

நாள் 19

என் முட்டாள்தனம் இது. தாழ்வாரத்தில் குட்டியை அது மடக்கிவிட்டது. நான் கையை நடுவில் விட்டேன். முழங்கைக்குக் கீழே மூன்று கோடு, ரத்தம். குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். அத்தை மஞ்சளோடு நின்றார், வேண்டாம் என்றேன். காலையில் அரசு ஆஸ்பத்திரியில், ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றிச் சீரமும், இரண்டு கையிலும் தோலுக்குள் வெறிநாய்க்கடி ஊசியும் போட்டார்கள். அப்புறம் 3, 7, 28ஆம் நாள்களில் மறுபடி. பூனை கீறியதுதானே என்று விடுகிறவர்கள் ஊரில் நிறைய. விடாதீர்கள்.

நடுவில் விட வேண்டியது கை இல்லை, முறம். இரண்டுக்கும் குறுக்கே ஓர் அகலமான முறத்தை நிறுத்தினால் போதும். ஒன்றையொன்று பார்க்க முடியாமல் போன அடுத்த நொடியில் கடுவன் திரும்பிப் போகிறது. இதற்குப் பிறகு நாலு தடவை செய்தாயிற்று, நாலு தடவையும் பலித்தது.

நாள் 23

கருக்கா தட்டைத் தொடவில்லை. நாத்தனாரின் போர்வையில் ஒரு தடவை, நெல் மூட்டை மேல் ஒரு தடவை. பழக்கியதெல்லாம் வீணா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. சாயங்காலம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். குட்டி தாழ்வார நிலைப்படிவரை போனது. தட்டைப் பார்த்தது. உடம்பைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டி முகர்ந்தது. காது இரண்டும் பின்னால் படிந்தன. ஒரு காலை எடுத்து வைத்து, அதே காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டது.

நானும் குனிந்து முகர்ந்தேன். தட்டுக்குப் பின்சுவரில் ஒரு சாண் உயரத்தில் ஈரம் வழிந்த தடம், மூக்கை அறுக்கும் வீச்சம். கடுவன் வாலைத் தூக்கிப் பீய்ச்சியது.

தட்டை வாசலுக்கு இழுத்துப் போனேன். பாப்பா மணல் குவியலைக் காட்டி, "அம்மா, மிராசு தெனமும் இங்கதான் ஆய் போகும். ஸ்கூல் வேனுக்கு நிக்கும்போது பாப்பேன்" என்றாள்.

மூன்று வாரமாக அந்தக் குவியலிலிருந்து வாளி வாளியாக அள்ளி வீட்டுக்குள் கொண்டுபோனது நான்தான். குட்டி முதல் நாளே அவ்வளவு சுளுவாக உட்கார்ந்ததற்கும் அந்த வாடை காரணமாக இருந்திருக்கலாம். அதே வாடைதான் கடுவனுக்கு, இதுவும் உன் எல்லை என்று ஓலை அனுப்பியிருக்கிறது. பத்தாததற்குக் கவுச்சி இல்லாத மாதத்தில் மீன் வாடை வேறு. கொஞ்ச நாளாகவே குட்டியின் வயிறு உப்பித் தெரிந்தது, மலத்தில் நூல் போலப் புழு. தெருப் பூனை போன மணலில் உருண்டைப் புழு முட்டை இருக்கும், தாய்ப்பாலிலும் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். எடை பார்த்துப் பூச்சி மருந்து கொடுத்தார், பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. முதல் தடுப்பூசியும் அன்றே ஆயிற்று.

நாள் 24 முதல் 30 வரை

ட்ரேயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இரண்டு வைத்தேன். ஒன்று உள்ளறையில், இரண்டு பக்கமும் வழி தெரிகிற இடத்தில். தப்பி ஓட வழியில்லாத மூலையில் வைத்தால் பயந்த குட்டி உட்காராது. மற்றொன்று கூடத்தில். புது மணலைச் சலித்து, வாணலியில் வறுத்துப் போட்டேன். வாணலியைத் திரும்பச் சமையலுக்கு எடுக்க அத்தை சம்மதிக்கவில்லை. வாசல் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடிச் செங்கல் வைத்தோம். முற்றத்துக் கம்பி மேல் கோழி வலை கட்டினோம், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

மூன்றாம் நாளே கருக்கா உள்ளறைத் தட்டில் போனது. கூடத்துத் தட்டை மூத்திரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டது. ஏன் இந்தப் பாகப்பிரிவினை என்று கேட்டால் அதுதான் சொல்ல வேண்டும்.

நாள் 34

இத்தனை அடைத்தும் மிராசு கொல்லைக் கதவோரம் படுத்தே கிடக்கிறதே என்று பார்த்தால், கிணற்றடியில் வாழையிலைத் துண்டு, அதில் தயிர்சாதம்.

"அத்தை?"

"அதுவும் வாயில்லாச் சீவன்தானேம்மா. புரட்டாசில ஒரு வீட்லயும் ஒரு முள்ளு கெடைக்கல அதுக்கு. ஐப்பசி பொறந்துடுச்சு, இன்னும் நம்ம வீட்லதான் மீன் வாங்கல."

கோபப்பட முடியவில்லை. சோறு போடாதீர்கள் என்று சொல்வதைவிட, போடுகிற சோற்றை வைத்தே பிடித்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு வாரம் அத்தை தினமும் ஒரே நேரத்துக்குக் கிணற்றடியிலேயே வைத்தார்.

நாள் 41

முதலில் கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தைக் கவிழ்த்தோம். மிராசு பஞ்சாரத்தோடு நடந்து போனது. அடுத்து, கதவு தானாக விழும் கம்பிக் கூண்டு ஒன்றை இரவல் வாங்கி, உள்ளே நெத்திலிக் கருவாடு வைத்தோம். ஐந்தே நிமிடம். கூண்டின் மேல் சாக்கைப் போர்த்தியதும் சத்தம் அடங்கிவிட்டது. அன்று ராத்திரி பட்டினி போட்டு, காலையில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வேனில் கொண்டுபோனோம். கடுவனுக்குச் செய்வது சின்ன ஆபரேஷன்தான், சாயங்காலமே திரும்பிவிட்டோம். வேறு ஊரில் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று தெருவில் சொன்னவர்கள் உண்டு. இதைக் கிளப்பினால் இந்த இடத்துக்கு வேறொரு கடுவன் வரும், அதற்குப் பெயர் வைப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மறுநாளே சாதுவாகிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். உடம்பில் ஏற்கெனவே ஊறிய சுரப்பு வடியச் சில வாரம் பிடிக்கும். இரண்டு வாரம் கழித்தும் கொல்லைச் சுவரில் பீய்ச்சியது. நாள் 60க்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

நாள் 70

கருக்கா ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிட்டது. கடைசி இருபது நாளில் தட்டுக்கு வெளியே போனது ஒரே தடவை, அதுவும் இவர் அள்ள மறந்த நாள். ஐந்து மாதம் ஆனதும் அதற்கும் ஆபரேஷன் செய்யத் தேதி கேட்டு வைத்திருக்கிறேன். தள்ளிப்போட்டால் அடுத்த வைக்கோல் போருக்கு அதுவே குட்டி போடும்.

ஒரு குறை தீரவில்லை. போய்விட்டு மணலை மூடாமல் பக்கத்துச் சுவரைப் பிறாண்டுகிறது, சுண்ணாம்பு உதிர்கிறது. தட்டு சின்னதாகிவிட்டது என்று நினைக்கிறேன். கொத்தனார் விட்டுப்போன பெரிய சாந்துச் சட்டி ஒன்று கொல்லையில் கிடக்கிறது. முன்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு விளிம்பை அறுத்து, ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்க்க வேண்டும். இப்போதைக்கு அதற்குள் மிராசு படுத்திருக்கிறது.