கடிகாயத்துக்கு முதல் மருந்து வீட்டுக் குடத்தில் இருக்கிறது

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் எங்கள் கடற்கரையில், மீன் இறங்கும் இடமெல்லாம் நாய்களும் கூடியிருக்கும். அவற்றிடம் கடிபட்டு வந்தவர்களுக்குப் புண் கழுவி ஊசி போட்ட செவிலியர் என்ற முறையில் நான் வலியுறுத்த விரும்புவது இதுதான்: கடிகாயத்தின் ஆபத்தை அதன் அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. சதை பிய்ந்து இரத்தம் கொட்டினால் உடனே வண்டி பிடிக்கிறோம். ஊசி குத்தியது போல ஒரு புள்ளி மட்டும் தெரிந்தால் மஞ்சளை வைத்துவிட்டு வலையைப் பிரிக்க உட்கார்ந்துவிடுகிறோம். உயிரைப் பறிப்பதற்கு அந்தப் புள்ளியே போதும்.

மருத்துவமனைக்குக் கிளம்பும் முன்பே செய்ய வேண்டியது, சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுவது. வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் ரேபிஸ் வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. சோப்பு அந்த உறையைக் கரைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது. வைரஸ் நரம்புக்குள் நுழைந்து மூளையை நோக்கி நகரத் தொடங்குவதற்கு முன்பே, காயத்திலேயே அதன் எண்ணிக்கையைக் குறைத்துவிடும் வேலை இது. குடிநீரைக் குடம் குடமாக விலை கொடுத்து வாங்கும் ஊரில், அதைப் புண்ணின் மேல் கால் மணி நேரம் ஊற்றச் சொன்னால் தயக்கம் வருவது இயல்பே. குடிநீராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சுத்தமான உவர்க்கிணற்று நீரும் போதும். நுரை குறைவாக வரும் என்பதால் சோப்பைக் கூடுதலாகப் போட்டு, ஒருவர் சொம்பால் விடாமல் ஊற்ற, மற்றொருவர் மென்மையாகக் கழுவலாம். கடலில் காலை நனைத்துவிட்டு வருவது கழுவியதாகாது. கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைப் பாக்டீரியாக்கள் திறந்த புண்ணுக்குள் புகுந்தால், குறிப்பாகச் சர்க்கரை நோயும் கல்லீரல் நோயும் உள்ளவர்களுக்குப் பெரும் கேடு விளையும். பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள், கையில் கடிபட்டிருந்தால் புண் ஆறும் வரை இறங்காமல் இருக்க வேண்டும். ஒரு நாள் கூலி எவ்வளவு முக்கியம் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம்.

மருத்துவர் காயத்தை மூன்று வகையில் ஒன்றாகப் பிரிப்பார். கீறல் இல்லாத தோலை நாய் நக்கியிருந்தால் முதல் வகை; அதற்கு ஊசி தேவையில்லை. இரத்தம் வராத சிறு கீறலும் இலேசான பல் தடமும் இரண்டாம் வகை. தடுப்பூசி உடனே தொடங்க வேண்டும். தோலைத் துளைத்த கடி, இரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே இருந்த புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் படுவது ஆகியவை மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். தடுப்பூசி போட்ட பிறகு உடல் தானாக எதிர்ப்பாற்றலை உருவாக்கச் சில நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் காவல் நிற்பது இந்த மருந்துதான். அதைக் கையிலோ தொடையிலோ போட்டால் பயன் குறைவு; காயத்தின் உள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். வலிக்கும், குழந்தை அழும், பெற்றோர் தடுக்கப் பார்ப்பார்கள், தயவுசெய்து தடுக்காதீர்கள். முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாட்களுக்குப் பிறகு இதைப் போட வேண்டியதில்லை என்பதால், முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கலாம். ஆனால் அது வரை ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது. நோய்க்குறி தோன்றிய பிறகு ரேபிஸ் நோயிலிருந்து மீண்டவர்கள் மிகமிக அரிது.

காயத்தை உடனே தைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் பலர். கிருமியை உள்ளே வைத்து மூடிவிடக் கூடாது என்பதால் கடிகாயங்களைப் பெரும்பாலும் திறந்தே விடுவார்கள். முகத்தில் தைத்தே ஆக வேண்டிய நிலையில், இம்யூனோகுளோபுலினைச் செலுத்திய பிறகு தளர்வாகத் தைப்பார்கள். டெட்டனஸ் ஊசியின் தேவையையும் அப்போதே பார்ப்பார்கள். பூனைக்கடி இதில் ஏமாற்றக்கூடியது. அதன் பல் மெல்லியது, கூர்மையானது; தோலில் சிறு துளையிட்டு மூட்டு வரைகூட இறங்கி, பாஸ்டுரெல்லா என்னும் பாக்டீரியாவை விதைத்துவிடும். ஒரே நாளில் கை சிவந்து வீங்கலாம்.

மனிதக்கடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சண்டையில் எதிராளியின் வாயில் குத்தியவரின் விரல் முட்டியில் பல் பட்டு ஏற்படும் சிறு வெட்டு, கைக்காயங்களிலேயே மிக மோசமானவற்றில் ஒன்று. முட்டி மடங்கியிருக்கும்போது பட்ட காயம், விரலை நீட்டியதும் தசைநாணோடு நகர்ந்து உள்ளே மறைந்துவிடும். எய்கெனெல்லா போன்ற வாய்க்கிருமிகள் மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். எக்ஸ்ரே எடுத்து, பல் துணுக்கு இருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் அறுவை அரங்கில் திறந்து கழுவ வேண்டியிருக்கும். வெட்கப்பட்டுக் கதவு இடித்தது என்று சொன்னால் இவை எதுவும் நடக்காமல் போகும். குழந்தையின் உடம்பில் மனிதப் பல் தடம் இருந்து, கோரைப்பற்களின் தடங்களுக்கு இடையே 3 செ.மீ.க்கு மேல் இருந்தால், கடித்தவர் பெரும்பாலும் வளர்ந்த ஒருவர். அந்தக் குழந்தைக்கு மருந்தோடு பாதுகாப்பும் தேவை.

தோலுக்குள் போடும் ரேபிஸ் தடுப்பூசி முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். புண் ஆறிவிட்டதே என்று பலர் கைவிடுவது 28ஆம் நாள் ஊசியைத்தான். தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிறவர்கள் அந்தத் தேதியைப் படகு உரிமையாளரான சம்மாட்டியிடம் முன்பே சொல்லி வையுங்கள். பாம்பனில் தொடங்கிய ஊசியை ராமநாதபுரத்திலோ வேறு மாவட்டத்திலோ தொடரலாம்; முதல் நாள் கொடுத்த சீட்டை மட்டும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.