ஏணிக்காரர்

நவம்பர் 22
இறக்குமதி வரி பற்றி யார் வாதாடினாலும் 'ஏணியை உதைத்தவர்கள்' வந்துவிடுகிறார்கள். உச்சிக்கு ஏறியபின், அடுத்தவன் ஏறாதபடி ஏணியை உதைத்துத் தள்ளுவது. இங்கிலாந்தைக் குறித்து ஜெர்மன் பொருளாதார அறிஞர் ஃபிரெட்ரிக் லிஸ்ட் சொன்னது. வசனம் தெரிந்த அளவுக்கு எனக்கு ஆளைத் தெரியாது. 1789இல் ராய்ட்லிங்கனில் பிறந்தவர், தோல் பதனிடுபவரின் மகன், அரசு எழுத்தர், 1817இல் ட்யூபிங்கனில் பேராசிரியர். இன்று இவ்வளவுதான், தூக்கம் வருகிறது.

நவம்பர் 23
ஏணியை விட இது பிடித்திருக்கிறது: வணிகர்களுக்காக 1819இல் ஃபிராங்ஃபர்ட்டில் அவர் எழுதிய மனு. ஜெர்மனிக்குள் அப்போது 38 சுங்க எல்லைகள். ஹாம்பர்க்கிலிருந்து ஆஸ்திரியாவுக்குச் சரக்கு போக 10 அரசுகளைக் கடக்கணும், 10 வரிப்பட்டியலைப் படிக்கணும், 10 முறை சுங்கம் கட்டணும். உடம்பின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாகக் கட்டிப்போட்டால் ரத்தம் எப்படி ஓடும் என்கிறார். காப்பு வரிக்கு, அதாவது உள்நாட்டுத் தொழிலைக் காக்கப் போடும் இறக்குமதி வரிக்கு, பேர்போன மனிதர் பொதுவாழ்வைத் தொடங்கியதே சுங்கச்சாவடிகளை இடிக்கச் சொல்லித்தான்! முரண்பாடு என்று எழுதி அடித்துவிட்டேன். வீட்டுக்குள் கதவு வேண்டாம், வாசலுக்கு வேண்டும் என்கிறார். அதுவும் தொழில் காலூன்றும்வரை. தானியத்துக்குக் காப்பு வரியே கூடாதாம். மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நவம்பர் 25
அவருடைய ஊர் அடங்கிய ஜெர்மன் அரசான வூர்ட்டம்பெர்க்கின் சட்டமன்றத்துக்குப் போனார். அதிகாரிகளின் ஆட்டத்தைத் தாக்கி 1821இல் ஒரு மனு எழுதினார். பதவி போனது, 10 மாதக் கோட்டைச் சிறை என்று தீர்ப்பு வந்தது. ஓடினார். 1824இல் ஊர் திரும்பியவரை ஹோஹெனாஸ்பெர்க் கோட்டையில் அடைத்து, அமெரிக்கா போய்விடுவதாக ஒப்புக்கொண்ட பிறகே 1825இல் விட்டார்கள்.
பென்சில்வேனியாவில் விவசாயம் தேறவில்லை. ரெடிங் ஊரில் ஒரு ஜெர்மன் பத்திரிகைக்கு ஆசிரியரானார். தமாக்வா பக்கம் நிலக்கரி கிடைக்க, அதை இறக்க ஒரு ரயில் பாதையே போட்டார்கள், 1831இல். நாடுகடத்தியவர்களுக்கு நன்றி சொல்லலாம் போல.

நவம்பர் 28
அமெரிக்காவின் வணிகத் தூதராக (கான்சல்) ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு வந்தார். 1833இல் ஒரு சிறு நூல், அதில் ஜெர்மனி முழுவதற்குமான ரயில் வரைபடம். பிற்பாடு வந்த பாதைகளை வைத்துப் பார்த்தால் சிலிர்க்கிறது. அவர் போராடிய லைப்சிக்–டிரெஸ்டன் பாதை 1839இல் முழுமையாகத் திறந்தபோது அவர் பாரிஸில் இருந்தார். ரயில் கம்பெனி அவருக்கு நிலையான வேலை எதுவும் தரவில்லை. 1819 மனுவில் அவர் கேட்டதுபோல் உள்சுங்கத்தை நீக்க 1834இல் பிறந்த சுங்க ஒன்றியத்தை நடத்தியதோ பெரிய ஜெர்மன் அரசான பிரஷ்யா. போராடியவருக்குப் பந்தியில் இலை போடவில்லை.

நவம்பர் 30
1841இல் 'ரைனிஷ் சைட்டுங்' பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பு தேடி வந்தது. கால் முறிந்து கிடந்ததால் போகவில்லை. அடுத்த ஆண்டு அந்த நாற்காலிக்கு வந்தவர் கார்ல் மார்க்ஸ். அதே 1841இல்தான் ஏணி வசனம் உள்ள பெரிய நூல் வெளிவந்தது.
ஐந்தே வருடத்தில், 1846இல், ஏணியை உதைத்தவர்களின் வாசலிலேயே போய் நின்றிருக்கிறார்: இங்கிலாந்தும் ஜெர்மனியும் கூட்டுச் சேரணும் என்ற யோசனையோடு லண்டனில். யாரும் ஏற்கவில்லை. உடல்நலம் கெட்டு, பணக் கவலையோடு திரும்பினார். நவம்பர் 30, ஆஸ்திரியாவின் டிரோல் மலையடிவாரத்தில் கூஃப்ஸ்டைன் ஊர். துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார். வயது 57. கடைசிக் கடிதம் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு, ஆக்ஸ்பர்க்கிலிருந்த நண்பர் கோல்புக்கு.
தேதியைப் பார்த்துத் தொடங்கவில்லை. இன்று காலைதான் கவனித்தேன்.