எட்டு கலை வித்தியாசம்

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஊசலின் அலைவு நேரத்தை அளந்து வரைபடம் போடச் சொன்னால், பெரும்பாலான புள்ளிகள் நேர்கோட்டில் வந்து உட்கார்ந்துவிடும். ஒன்று மட்டும் விலகி நிற்கும். உடனே ரப்பரைத் தேடும் கைகளை ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு வானியலாளர் யோகான்னஸ் கெப்லர் ஞாபகம்தான் வரும்.

செவ்வாயின் பாதையைக் கண்டுபிடிக்க அவர் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். டைக்கோ பிராகி என்ற வானியலாளர், தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் பார்த்துக் குறித்துவைத்த அளவுகள் அவரிடம் இருந்தன. வட்டப்பாதையை வைத்து அவர் போட்ட கணக்கு அவற்றோடு அருமையாகப் பொருந்தியது. சில இடங்களில் மட்டும் 8 கலை இடித்தது. கலை என்பது கோண அளவு; ஒரு பாகையில் 60 கலை. முழுநிலவே வானத்தில் சுமார் 30 கலை அகலம்தான். அதில் கால்வாசிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம். அளந்தவர் கை நடுங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் டைக்கோ அவ்வளவு தூரம் பிசகக்கூடியவர் இல்லை என்று கெப்லருக்குத் தெரியும். அதனால் தன் கணக்கையே தூக்கிப்போட்டார்.

அதன் வலி கணக்கு போட்டவர்களுக்குத் தெரியும். மாதக்கணக்கான உழைப்பு போனது ஒருபக்கம். வானத்தில் எல்லாம் வட்டமாகத்தான் சுற்றும் என்ற, சுமார் 2000 ஆண்டுகளாக ஊறிப்போன நம்பிக்கை போனது இன்னொரு பக்கம். அந்த வட்டம் அழகானது, அவருக்கும் பிடித்தமானது. 1609-இல் அவர் வெளியிட்ட நூலில் செவ்வாய் நீள்வட்டத்தில் சுற்றியது. வட்டத்தை விட மனமில்லாதவரால் அந்த நீள்வட்டத்தைப் பார்த்திருக்கவே முடியாது. அந்த 8 கலைதான் அவரைப் பார்க்கக்கூடியவராக மாற்றியது என்று நம்புகிறேன்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மனம் சங்கடப்பட்டாலே உண்மை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிடிவாதம் பிடிப்பவருக்கும் மனம் சங்கடப்படத்தான் செய்யும். இடிக்கிற இடத்தை மூடாமல் வைத்துக்கொண்டு, ஏன் இடிக்கிறது என்று கேட்பதில்தான் வளர்ச்சி இருக்கிறது. அதுவும் எல்லா விஷயத்திலும் நடந்துவிடாது. கோள்களின் இடைவெளிகளை ஐந்து சீர்திண்மங்களோடு (கனசதுரம் போல எல்லா முகங்களும் ஒரே மாதிரி இருக்கும் வடிவங்கள்) பொருத்தி 1596-இல் ஒரு நூலில் கெப்லர் சொன்ன கருத்து தவறு. அதை அவர் கடைசிவரை விடவில்லை. 1621-இல் அந்த நூலை மறுபதிப்பும் செய்தார். இதைப் படித்தபின் அவர் மேல் எனக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. வட்டத்தை விடுவது அவருக்கு எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் புரிந்தது.

சார்லஸ் டார்வினிடம் ஒரு பழக்கம் இருந்தது. தன் முடிவுக்கு எதிரான தகவல் எதைக் கண்டாலும் உடனே எழுதிவைத்துவிடுவார். சாதகமானவற்றைவிட அவை சீக்கிரம் மறந்துபோகின்றன என்பது அவர் அனுபவம். அதைப் பார்த்து நானும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு, 'அமைதியான வகுப்பில்தான் பிள்ளைகள் நன்றாகக் கற்கிறார்கள்'. நான் உறுதியாக நம்பிவந்தது இது. அதன் கீழே எதிர்க்குறிப்புகள் சேர்ந்துகொண்டே போகின்றன: சத்தமாக வாதாடிய குழுதான் உராய்வைச் சரியாக விளக்கியது, பேசாமல் எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்கு முதல் வரியே புரிந்திருக்கவில்லை. இன்னும் முடிவுக்கு வரவில்லை. அடுத்த பருவத்தில் ஒளியியல் பாடம் முழுவதையும் அவர்களைப் பேசவிட்டு நடத்தப்போகிறேன்.