இருபுறமும் பச்சை, நடுவில் கருகல்

கோதுமைக் கலப்பின வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், வடஇந்தியாவில் நான் பணிபுரிந்த ஆராய்ச்சி வயலில், ஒரு வரிசை முழுவதும் என் கண்முன்னே கருகிப்போனது. அதன் தாய் சி 306. மானாவாரியிலும் தாக்குப்பிடிக்கும், சப்பாத்திக்குப் பெயர்பெற்ற, உயரமான பழைய ரகம். தந்தை, மெக்சிகோவிலிருந்து வந்த குட்டைக் கோதுமையின் வழியில் உருவான, துரு நோய் என்னும் பூஞ்சை நோயைத் தாங்கும் ஒரு வகை. பிப்ரவரி வெயிலில் குனிந்து நின்று, ஒவ்வொரு பூவிலும் உள்ள மூன்று மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, கதிருக்கு உறையிட்டு, சில நாள் கழித்துத் தந்தையின் மகரந்தத்தைத் தூவி, நானே சேர்த்த விதைகள் அவை. அடுத்த நவம்பரில் விதைத்தபோது நன்றாகவே முளைத்தன.

நான்கைந்து இலை விட்டதும் அடி இலைகளின் நுனி மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, அந்தக் கருகல் ஒவ்வோர் இலையாக மேலே ஏறியது. துத்தநாகக் குறை என்று எண்ணித் தெளித்தோம். வேரழுகல் என்று எண்ணி மருந்து ஊற்றினோம். பாசனத்தில் நான் தவறிவிட்டேன் என்று மூத்தவர் ஒருவர் சொன்னதை நானும் நம்பி, பல நாள் மனம் வருந்தினேன். கதிர் வருமுன்பே செடிகள் மடிந்தன. கலப்பின வரிசையின் இருபுறமும் பெற்றோரை விதைப்பது எங்கள் வழக்கம். அதே மண்ணில், அதே நீரைக் குடித்து, இரு பெற்றோரும் பசுமையாக நின்றன. கேள்விக்கான விடை ஒரு முழத் தொலைவில் நின்றிருக்க, நான் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெதர்லாந்தின் ஆய்வாளர் ஹெர்ம்சன் 1963-லேயே இந்தக் கலப்பினக் கருகலின் மரபியலை விரிவாக எழுதியிருந்தார் என்பதைப் பின்னர்தான் படித்தேன். 5பி குரோமோசோமில் உள்ள என்.இ.1, 2பி குரோமோசோமில் உள்ள என்.இ.2 ஆகிய இரு ஓங்கு மரபணுக்களும் ஒரே செடியில் சேரும்போதுதான் இலைகள் கருகுகின்றன. தனித்தனியே எதுவும் தீங்கு செய்வதில்லை. அதனால்தான் முதலாவதைச் சுமந்த சி 306-உம், இரண்டாவதைச் சுமந்த குட்டை வகையும் நலமாக வாழ்ந்தன. இவ்விரு மரபணுக்களுக்கும் வலுவான, மிதமான, வலுக்குறைந்த வடிவங்கள் உண்டு. வலுக்குறைந்தவை சேர்ந்தால் செடி ஓரளவு கருகியும் விதை தரும். வலுவானவை சேர்ந்தால் எங்கள் வரிசைக்கு நேர்ந்ததுதான் நேரும்.

என்னை மிகவும் உலுக்கிய செய்தி 2021-இல் வந்தது. என்.இ.2 என்பதும், இலைத் துரு நோயைத் தடுக்கும் எல்.ஆர்.13 என்பதும் ஒரே மரபணு என்று மூலக்கூறு ஆய்வுகள் காட்டின. நோய்க்கிருமியின் வரவை உணர்ந்து, தாக்கப்பட்ட செல்லைச் சாகவிட்டுப் பரவலைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. கலப்பினத்தில் கிருமி இல்லாமலே அந்தக் காவல் விழித்துக்கொள்கிறது போலும். துருவைத் தாங்கும் செடிகளை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்த எங்களைப் போன்றோர், அறியாமலே என்.இ.2-ஐயும் கூடவே பரப்பி வந்திருக்கிறோம். பழைய ரகங்களின் வறட்சித் தாங்கும் தன்மையைப் புதிய வகைகளுக்குக் கொண்டுவர விரும்புவோருக்கு, இப்படிக் கலப்பினங்கள் மடிவது பெரும் இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் வழி இருந்தது. இரு மரபணுக்களும் இல்லாத மூன்றாவது வகை ஒன்றுடன் சி 306-ஐ முதலில் கலந்து, கிடைத்த செடியைக் குட்டை வகையுடன் கலந்தோம். கணக்குப்படி பாதிச் செடிகள் என்.இ.1 இல்லாமல் பிறந்து பிழைக்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் மீண்டும் அடி இலைகள் மஞ்சளானபோது, மருந்து தெளிக்கட்டுமா என்று வயல் உதவியாளர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, கருகிய செடிகளையும் பச்சைச் செடிகளையும் அவருடன் சேர்ந்து தனித்தனியே எண்ணினேன். ஏறத்தாழச் சரிபாதியாக இருந்தன. பிழைத்தவற்றின் தண்டில் ஒவ்வொன்றாகச் சீட்டுக் கட்டினோம்.