சில்லறை என்றால் என்ன? மகளோடு மூன்று வாரக் கடை விளையாட்டு

ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பணம் சம்பந்தப்பட்ட சொற்களைப் பழக்க ஆரம்பித்து இன்றோடு மூன்று வாரம். கடையில் நான் போனை எடுத்து ஸ்கேன் செய்வதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். அதனால் வீட்டிலேயே கடை போட்டோம்: தீப்பெட்டி, பென்சில், கடலை மிட்டாய். அட்டைப் பணம் வேண்டாம், நிஜப் பணமே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். காசு கையில் கனத்தால்தான் சொல்லும் மனதில் நிற்கும் என்பது என் எண்ணம்.

முதல் வாரம் நோட்டுகளை நிறத்தை வைத்தே சொன்னாள். 100 ரூபாய் ‘ஊதா’, 200 ‘மஞ்சள்’. நோட்டின் பின்பக்கம் 15 மொழிகளில் மதிப்பு இருக்கும். கீழிருந்து மூன்றாவது தமிழ். அதை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தேன். இரண்டு நாளில் ‘நூறு ரூபாய்’ தானாக வந்தது. விலை, மீதி இரண்டும் சுலபமாக ஒட்டிக்கொண்டன.

சில்லறைதான் படுத்தி எடுத்தது. நாணயங்களைக் காட்டி, “இதுதான் சில்லறை” என்று சொல்லிவைத்தேன். மறுநாள் 500 ரூபாய்க்குச் சில்லறை கேட்டதும் நாணய டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளை வைத்து, “இதுவும் சில்லறைதான்” என்றேன். முழித்தாள். தப்பு என் விளக்கத்தில். அப்புறம் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு மாற்றும் விளையாட்டுக்குப் போனோம்: பத்துக்கு இரண்டு ஐந்து, நூறுக்கு இரண்டு ஐம்பது. நாலு நாள் கழித்து அவளே சொன்னாள்: “பெருசை உடைச்சா சில்லறை, அப்படித்தானேப்பா?” அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாவது வாரம் பாட்டி வந்தார், சுருக்குப்பையில் காண்டாமிருகம் போட்ட பழைய 25 காசு ஒன்றோடு. 2011இல் செல்லாமல் போன காசு. பாட்டி அதை நாலணா என்றதும், “25ன்னுதானே போட்டிருக்கு, பாட்டி ஏன் நாலுங்கறாங்க?” என்று பிடித்துக்கொண்டாள். 1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு பைசா என்று மாறும் வரை, ரூபாய்க்குப் பதினாறு அணா. பதினாறு புளியங்கொட்டைகளை நாலு குவியலாகப் பிரித்தோம். ஒரு குவியல் நாலணா, கால் ரூபாய். நூறு பைசாவில் கால் பங்கு 25. கணக்கு பாதிதான் புரிந்தது என்று நினைக்கிறேன். ஆனால் ‘எட்டணா எவ்வளவு?’ என்று கேட்டால் இரண்டு குவியலைச் சேர்த்துக் காட்டுகிறாள். சரி, இப்போதைக்கு அது போதும்.

அடுத்தது ‘கடன்’. பாட்டி வாங்கிய தீப்பெட்டிக்கு இரண்டு ரூபாய் பாக்கி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேற்றே எழுதிவைத்திருக்கிறாள்.